ஒரே கார், இரண்டு கணக்கு

பாளையங்கோட்டையில் வீடு. பம்ப் செட்டும் பி.வி.சி. குழாயும் தயாரிக்கும் சில கம்பெனிகளுக்குக் கமிஷன் ஏஜென்டாக இருக்கிறேன். ஹார்டுவேர் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுப்பது, புதுச் சரக்கின் சாம்பிளைக் காட்டுவது, இழுத்துக்கொண்டு கிடக்கும் பாக்கியைப் பக்குவமாக நினைவூட்டுவது, இவைதான் வேலை. மேற்கே அம்பை, முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, கடையநல்லூர் வரை; தெற்கே நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, திசையன்விளை. பஸ்ஸை நம்பினால் இரண்டு மூன்று கடைக்கு மேல் பார்க்க முடியாது, மோட்டார் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறவும் முடியாது. ஆகவே கார் வாங்கினேன். அதே காரில்தான் வீட்டுக் காரியமும் நடக்கிறது.

கடைகளில் டீ வரும்வரை உட்கார்ந்திருக்கும்போது அண்ணாச்சிமார் அடிக்கடி கேட்பார்கள்: "தம்பி, காரு செலவ வரியில கழிச்சிரலாமாமே, நெசமா?" நிஜம்தான். ஆனால் கேட்கிற அண்ணாச்சிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. எனக்குப் பொருந்தும். ஏன் என்று சொல்லிவிட்டே மற்றதற்குப் போகிறேன், ஏனென்றால் இதைப் பார்க்காமலேயே பெட்ரோல் பில் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் அதிகம்.

கடைக்காரர்கள் பலர் 44ஏ.டி. என்ற பிரிவில் கணக்குக் காட்டுகிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 3 கோடி வரை) ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கணக்குப் புத்தகம் வேண்டாம். அதற்கு ஈடாக, வாடகை, சம்பளம், கார், தேய்மானம் (பொருள் பழசாகி மதிப்புக் குறைவது) எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியதே அந்த 6 அல்லது 8 சதவீதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே இன்னொரு முறை கார் செலவைக் கழிக்க முடியாது. டாக்டர், வக்கீல், கட்டட இன்ஜினியர் போன்றவர்களுக்கு 44ஏ.டி.ஏ. இருக்கிறது. 50 லட்சம் வரை (ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை) வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். அதிலும் கார் உள்ளடக்கம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சைட் இன்ஜினியர் தம்பி, கார் பில்லை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தான். அவன் வரவில் பாதி அளவுக்கு உண்மையான செலவு ஒருநாளும் வராது. ஆபீஸ் வாடகை, ஒரு உதவியாளர், கார் எல்லாம் சேர்த்தாலே கால்வாசி தேறுவது கஷ்டம். பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போவதுதான் அவனுக்கு ஆதாயம். அந்த டின்னை வீட்டில் வேறு காரியத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

கமிஷன், புரோக்கரேஜ், ஏஜென்சி வருமானத்துக்கு 44ஏ.டி. கிடையாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நாங்கள் உண்மையான வரவு செலவை எழுதி, வருமான வரிக் கணக்குக்கான ஐ.டி.ஆர்.-3 படிவத்தில்தான் காட்ட வேண்டும். புத்தகம் எழுதுகிற தொல்லை எங்களுக்கு உண்டு. அதனால் கார் செலவைக் கழிக்கிற உரிமையும் உண்டு. நாம் தேர்ந்தெடுப்பது சேமிப்புக் கழிவுகள் உள்ள பழைய வரி முறையா, அவை இல்லாத புதிய வரி முறையா என்பதெல்லாம் இதில் குறுக்கே வராது. தொழில் செலவும் வழக்கமான தேய்மானமும் இரண்டிலும் உண்டு. புதிய முறைக்குப் போனால் எல்லாக் கழிவும் போய்விடும் என்று சிலர் சொல்வது 80சி (எல்.ஐ.சி., பி.எஃப். போன்ற சேமிப்புக்கான கழிவு) போன்றவற்றை நினைத்து.

இனி எவ்வளவு கழிக்கலாம் என்பது. இங்கேதான் பேச்சு நீளும்.

தொழிலுக்கும் சொந்தத்துக்கும் சேர்ந்து ஓடும் வண்டி என்றால், தொழிலுக்கு உரிய நியாயமான பங்கைத்தான் கழிக்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 38(2) பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் இங்கே சொல்லும் எண்களெல்லாம் பழைய சட்டத்தினுடையவை. அந்தப் பங்கு நூற்றுக்கு இத்தனை என்று சட்டம் சொல்லவில்லை. நாம் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும்.

நூறு சதவீதம் தொழிலுக்குத்தான் என்று சொல்லுகிறவர்களிடம் எங்கள் ஆடிட்டர் சார் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வீட்டுல வேற காரு இருக்கா தம்பி?"

"இல்ல சார்."

"அப்போ பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு பஸ்ஸுலயா போனிய?"

எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார். நம் பக்கத்தில் கார் வைத்துக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகாதவர் யார்? ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில், சீசனுக்குக் குற்றாலம், ஐப்பசி தொடங்கி வரிசையாகக் கல்யாண வீடு. வரி அதிகாரியும் இதே நாட்டில்தான் குடியிருக்கிறார். ஒரே காரை வைத்துக்கொண்டு முழுவதும் தொழிலுக்கு என்று எழுதினால், அந்த ஒரு வரியே மற்ற கணக்கின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

பெயிண்ட் ஏஜென்சி எடுத்திருக்கும் ஒரு நண்பருக்கு இதுதான் நடந்தது. பில் எல்லாம் பக்காவாக வைத்திருந்தார். வண்டி எங்கே போனது என்பதற்கு மட்டும் ஒரு சீட்டும் இல்லை. விசாரணையில் கார் செலவு, தேய்மானம் இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த உபயோகம் என்று வெட்டிவிட்டார்கள். பதிவேடு இல்லாத இடத்தில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று மொத்தமாக வெட்டுவது வழக்கம்தான். வருமான வரித் தீர்ப்பாயத்தின் தீர்ப்புகளைப் புரட்டினால் இப்படி வெட்டியதும், பிறகு அதைக் குறைத்ததுமான வழக்குகள் நிறையவே உண்டு. நண்பர் அதிகம் இழக்கவில்லை என்று சிலர் சொல்லலாம். வரியோடு வட்டி, ஆடிட்டர் பீஸ், மூன்று நான்கு தடவை அலைந்த அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்தால் அது சின்னத் தொகை இல்லை.

நான் வைத்திருப்பது முப்பது ரூபாய் நோட்டு ஒன்று. டேஷ்போர்டு பெட்டிக்குள், பேனாவை நூலில் கட்டி, அதற்குள்ளேயே கிடக்கும். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்: காலை ரீடிங் 48,210. பாளை, முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம். முக்கூடலில் குழாய் ஆர்டர், ஆலங்குளத்தில் பாக்கி (அடுத்த வாரம் என்றார்), பாவூர்சத்திரத்தில் 1 எச்.பி. மோட்டார் சாம்பிள். திரும்பிய ரீடிங் 48,318. இவ்வளவுதான். கடைப் பெயரையும் எழுதுவேன், இங்கே தேவையில்லை என்று விட்டிருக்கிறேன். சொந்த வேலைக்கு எடுத்தால் விளக்கம் எதுவும் எழுதுவதில்லை, 'வீடு' என்று ஒரு சொல், அப்புறம் ரீடிங். வருடக் கடைசியில் மொத்தக் கிலோமீட்டரில் தொழிலுக்கு ஓடியது எத்தனை என்று வகுத்தால் சதவீதம் வந்துவிடும். எனக்கு அது அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் நிற்கும்.

செல்போனில் இதற்கென்று ஆப் இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நோட்டுதான் ஒத்துவருகிறது. கடையிலிருந்து வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் எழுதிவிடுவேன். ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் அது மாசக் கடைசிக்குப் போகும், பிறகு மார்ச்சில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்துச் சாய்வில் ஒரு வருடத்தையும் எழுத வேண்டி வரும். அப்படி எழுதிய நோட்டைப் பார்த்த உடனே எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஃபாஸ்டேக் கணக்கு. நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டினால் தேதி, நேரம் இரண்டும் வங்கியிலோ ஆப்பிலோ பதிவாகிவிடும். நோட்டில் அன்றைக்குத் தென்காசி என்று எழுதியிருந்து, ஃபாஸ்டேக்கில் நாங்குநேரி காட்டினால் நோட்டுக்கு மதிப்பில்லை. இரண்டும் ஒத்துப்போனால் அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டாம். ஆகவே ஃபாஸ்டேக் விவரத்தை மாதாமாதம் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. 2025 ஆகஸ்ட் 15-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஆண்டுப் பாஸ் வந்தது. தொடங்கியபோது 3,000 ரூபாய், 200 தடவை கடக்கலாம். பாஸ் எடுத்தவர்கள் அந்தத் தொகையையும் சதவீதப்படி பிரிக்க வேண்டும், ஏனென்றால் கன்னியாகுமரிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனதும் அதே பாஸில்தான். பாஸ் இல்லாதவர்கள் தொழில் பயணத்தில் கட்டிய டோலை முழுதாகவே எழுதலாம். அது அந்தப் பயணத்துக்கென்றே ஆன செலவு.

குற்றாலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நெல்லைக்காரன் எழுதிய கட்டுரை ஆகாது. சீசன் நேரத்தில் தென்காசிப் பக்கம் கடை பார்க்கப் போகும்போது வீட்டில் சும்மா விடமாட்டார்கள். பாவூர்சத்திரத்தில் ஒரு கடை, தென்காசியில் இரண்டு கடை, அதுவரை பிள்ளைகள் வண்டியிலேயே பொறுமையாக இருப்பார்கள். பிறகு ஐந்தருவி. இதை எப்படி எழுதுவது? கடை வரை தொழில், கடையிலிருந்து அருவிக்குச் சொந்தம் என்று பிரிக்கலாம், தப்பில்லை என்கிறார் ஆடிட்டர் சார். நான் பிரிப்பதில்லை. பிள்ளைகள் வண்டியில் இருந்தால் அந்த நாள் முழுவதும் 'வீடு' கணக்கு. விட்டுக்கொடுப்பதால் போகிற வரி, குளித்துவிட்டு அருவிக்கரையில் சாப்பிடும் மிளகாய் பஜ்ஜிக்கு ஆகும் காசுதான். அதற்காக நோட்டில் ஒரு சந்தேகமான வரியை எழுதி வைப்பானேன்?

எனக்கு வீடேதான் ஆபீஸ் என்பதால் வாசலில் இருந்து புறப்படுவதைத் தொழில் பயணமாக எழுதுகிறேன். வண்ணாரப்பேட்டையில் ஆபீஸ் வைத்துக்கொண்டு மகாராஜநகரில் குடியிருப்பவர், தினமும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுவதைச் சொந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. அங்கிருந்து பார்ட்டியைப் பார்க்கப் போவது தொழில்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாடா? எங்களுக்கு மைலுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்ளலாமே" என்றான். அங்கே சுயதொழில்காரருக்கு அப்படி ஒரு வழி இருக்கிறது, 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். அங்கேயும் எத்தனை மைல் என்று எழுதித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் சுயதொழில்காரருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற ஏற்பாடே கிடையாது. உண்மையான செலவு, அதில் தொழிலின் பங்கு, அவ்வளவுதான். சம்பளக்காரர்களுக்குக் கம்பெனி கார் கொடுத்தால் வரும் விதி வேறு. அதைக் கேட்டுக்கொண்டு வந்து நமக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

சரி, எதையெல்லாம் கூட்டலாம்? பெட்ரோல், சர்வீஸ், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பஞ்சர், வாட்டர் வாஷ், தூரப் பயணத்துக்குக் கூப்பிடும் ஆக்டிங் டிரைவர் கூலி, கார் லோனுக்குக் கட்டும் வட்டி. வட்டி மட்டும்தான். மாதத் தவணையை முழுதாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது, அது செலவில் வராது. வங்கியில் கேட்டால் வருடத்துக்கான வட்டிச் சான்றிதழ் கொடுப்பார்கள், அதில் அசலும் வட்டியும் தனித்தனியாக இருக்கும். போலீஸ் போட்ட அபராதத்தைக் கூட்டவே கூடாது. சட்டத்தை மீறியதற்குக் கட்டியது தொழில் செலவு ஆகாது. கம்பெனி பெட்ரோல் காசு தனியாகக் கொடுத்தால் அதை வரவில் காட்டிவிட்டுச் செலவைக் கழியுங்கள், அல்லது அந்தச் செலவை விட்டுவிடுங்கள். காசையும் வாங்கிக்கொண்டு கழிக்கவும் கூடாது.

பெட்ரோல் பங்கில் கொடுக்கும் சீட்டு சித்திரை வெயிலில் டேஷ்போர்டில் ஒரு வாரம் கிடந்தால் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். பணத்தைக் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கொடுத்தால் வங்கிக் கணக்கில் இன்னொரு தடயம் இருக்கும். நான் தொழிலுக்கென்று வைத்திருக்கும் கணக்கிலிருந்து மட்டுமே வண்டிக்குக் கொடுக்கிறேன். ரோட்டோரப் பஞ்சர் கடையில் பில் கேட்க முடியாது. நாமே ஒரு வவுச்சர் எழுதி வைத்தால் போதும், தொகை சின்னது. பெரிய தொகையில்தான் கவனம் வேண்டும்: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் போய்விடும். நான்கு டயர் மாற்றினாலே அந்த வரம்பு தாண்டும். கார் வாங்கும்போது கொடுக்கும் முன்பணத்துக்கும் இதே கதிதான். ரொக்கமாகக் கொடுத்த தொகை தேய்மானத்துக்கான விலையில் சேராது. கார் 10 லட்சத்துக்கு மேல் என்றால் ஷோரூமில் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் பிடித்துக் கட்டும் வருமான வரி) வசூலிப்பார்கள். அது உங்கள் பெயரில் கட்டிய வரி, கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வரவு வைத்துக்கொள்ளலாம். காருக்குக் கொடுத்த காசு என்று நினைத்து அதை மறந்துபோகிறவர்கள் உண்டு.

தேய்மானம் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம். முதல் ஆண்டு வாங்கிய விலையில், அடுத்த ஆண்டு குறைந்துபோன மதிப்பில். வாடகைக்கு ஓட்டும் டாக்சிக்கு 30 சதவீதம் உண்டு, அது வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு. டி.வி.எஸ்.-50-இல் சுற்றும் ஏஜென்டுகளுக்கும் இதையே சொல்கிறேன்: இரண்டு சக்கர வண்டிக்கும் 15 சதவீதம் உண்டு, பங்கு பிரிக்கும் விதியும் இதேதான்.

வண்டி எடுக்கும் நாளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாங்கிய நிதியாண்டில் 180 நாளைக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான், அதாவது ஏழரை சதவீதம். மார்ச் 31-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் பிறந்த ஓரிரு நாளுக்குள் வண்டி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆடியில் யாரும் எடுக்கமாட்டோம். ஆவணியில் எடுத்தால் முழுசு, தீபாவளி ஆஃபருக்குக் காத்திருந்தால் பாதி. பாதி போனாலும் அது அழிந்துபோவதில்லை, பின்னால் வரும் ஆண்டுகளில் கூடுதல் மதிப்பாகத் தொடரும். ஆகவே தீபாவளிக்கு நல்ல தள்ளுபடி கிடைத்தால் தயங்காமல் தீபாவளிக்கே எடுங்கள்.

ஆர்.சி. புக் யார் பெயரில் என்பது அதைவிட முக்கியம். தேய்மானம் சொந்தக்காரருக்கு. ராசிக்காக மனைவி பெயரில் எடுப்பது, லோன் எளிதில் கிடைக்கும் என்று அரசு வேலையில் இருக்கும் அண்ணன் பெயரில் எடுப்பது எல்லாம் நம் பக்கத்தில் சகஜம். அப்படி எடுத்த வண்டியைத் தொழிலுக்கு ஓட்டினால் நீங்கள் போட்ட பெட்ரோலைக் கழிக்கலாம். தேய்மானம் என்று வந்தால் வாதாட வேண்டி இருக்கும். பதிவு செய்வதற்கு முந்தின நாள் யோசித்தால் தீர்கிற விஷயம் இது.

இப்போது காசுக் கணக்கு. 8 லட்சம் ரூபாய் கார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பெட்ரோல் 1,00,000, சர்வீஸும் டயரும் 30,000, இன்சூரன்ஸ் 20,000, லோன் வட்டி 40,000. இதோடு முதல் ஆண்டுத் தேய்மானம் 1,20,000. மொத்தம் 3,10,000. தொழிலின் பங்கு 60 சதவீதம் என்றால் கழிப்பது 1,86,000.

இந்த 1,86,000 ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி பலன் தரும். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். மற்ற செலவெல்லாம் போகக் கையில் 20 லட்சம் நிற்பவருக்கு வரி 20 சதவீதப் படியில் குறையும். செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 38,688 ரூபாய் மிச்சம். 11 லட்சம் நிற்பவருக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை, ஏனென்றால் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரியே இல்லை. 13,50,000 நிற்பவர்தான் அதிர்ஷ்டக்காரர். காரைக் கழிக்காவிட்டால் அவருக்குச் செஸ்ஸோடு 85,800 ரூபாய் வரி. கழித்தால் வருமானம் 11,64,000 ஆகி, வரி பூஜ்யம். (ஷேர் விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானம் இல்லை என்று வைத்துச் சொல்கிறேன்.) நோட்டு, பில், வவுச்சர் என்று இறங்குவதற்கு முன்னால் நீங்கள் இந்த மூவரில் யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"வரியில கழிச்சிக்கிடலாம், பெரிய வண்டியா எடுங்க" என்று ஷோரூமில் சொல்லுவார்கள். 20 லட்சக்காரருக்கே 3,10,000 செலவில் திரும்புவது 38 ஆயிரம் சொச்சம்தான். மிச்சம் 2,71,000 சொச்சமும் அவருடைய தலையில்தான். வண்டி தேவை என்றால் வாங்குங்கள், வாங்கியதற்குக் கழிவு வந்தால் நல்லது. கழிவுக்காக வண்டி வாங்குவது எனக்கு விளங்காத கணக்கு.

வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் வீடு கட்ட லோன் கேட்கப் போகிறீர்கள் என்றால், வங்கி பார்ப்பது ஐ.டி.ஆரில் இருக்கும் நிகர வருமானத்தை. தேய்மானம் கையிலிருந்து போன காசு இல்லை என்பதால் சில வங்கிகள் அதைத் திரும்பக் கூட்டிப் பார்க்கும், எல்லா வங்கியும் அப்படிப் பார்க்காது. லோன் கேட்கும் வங்கியில் முன்கூட்டியே ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

வெள்ளை போர்டு வண்டியைச் சொந்தத் தொழிலுக்கு ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதுதான் பிரச்சினை. அதற்கு மஞ்சள் போர்டும் பர்மிட்டும் வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு, சாம்பிளும் சொந்தப் பெட்டி சட்டியும் மட்டும் ஏற்றலாம் என்று இருக்கும். ஒரு மோட்டாரைக் காட்டுவதற்குக் கொண்டுபோனால் அது சாம்பிள். "வாரதுதான் வாரிய, அந்த நாலு மோட்டாரயும் டிக்கியில போட்டுட்டு வாங்களேன்" என்று கடைக்காரர் கேட்டால் அது சரக்கு. நான் லாரி செட்டில் போட்டுவிடச் சொல்லிவிடுவேன். கங்கைகொண்டான் பக்கம் ஒரு விபத்து நடந்து, டிக்கியில் நான்கு மோட்டாரோடு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஜி.எஸ்.டி. பதிவு இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை எங்களைப் போன்ற தொழிலில் உள்ளீட்டு வரவாக (நாம் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியாது. அதன் இன்சூரன்ஸ், ரிப்பேருக்கும் அப்படியே. ஆகவே அந்த ஜி.எஸ்.டி.யையும் விலையோடும் செலவோடும் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 31 ராத்திரி மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் பில்லிலும் கிலோமீட்டர் அச்சாகி வருவதால் நோட்டுக்கு அதுவும் துணை நிற்கும். எட்டு வருடத்துக்கு எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்கிறார் எங்கள் ஆடிட்டர். ஒரு வருடத்துக்கு ஒரு துணிப்பை, பரணில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

விற்கும்போதுதான் பலருக்கு இந்தக் கணக்கே ஞாபகம் வருகிறது. முழுக்கச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன லாபம் என்ற பேச்சே இல்லை. தேய்மானம் கழித்த காருக்கு உண்டு. கணக்கில் இருக்கும் மதிப்புக்கு மேலே விற்றால் அந்த அதிகப்படி குறுகிய கால மூலதன லாபம் ஆகலாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி முதல் பழைய கார் விற்பனையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. முழு விலைக்கு இல்லை, தேய்மானம் போக மிஞ்சிய மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும். கணக்கில் 4,00,000 இருந்து 4,50,000-க்கு விற்றால் 50,000-க்கு 9,000 ரூபாய். மதிப்பைவிடக் குறைவாக விற்றால் அந்த வரி இல்லை. எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் விற்பனைதான். ஷோரூமில் பழைய வண்டிக்கு எவ்வளவு போட்டார்கள் என்ற தாளைக் கேட்டு வாங்கி, சாவியைக் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் நோட்டை எடுத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.